டேஷ்போர்டுல இருக்கிற அந்தக் கருப்புப் பொட்டு

இன்னைக்குக் கதை என் பழைய காரில் இருந்து தொடங்குது.

ஒரு சாயங்காலம் நாகூரில் இருந்து காரைக்காலுக்கு ஓட்டிக்கிட்டு வந்தேன். வாஞ்சூர் எல்லையைத் தாண்டி, திருமலைராயன்பட்டினம் நெருங்கும்போது இருட்டிடுச்சு. எதிரே சைக்கிளில் வந்த பெரியவர் ஒருத்தர் சட்டென்று ஓரம் ஒதுங்கி, "லைட்டைப் போடுய்யா!"ன்னு கத்தினார். அப்பதான் கவனிச்சேன், ஹெட்லைட் எரியவே இல்லை. சுவிட்ச் 'ஆட்டோ'வில் இருந்தது. கடைத்தெரு வெளிச்சம், உள்ளே பளிச்சுன்னு மீட்டர், இது ரெண்டையும் பார்த்து லைட் எரியுதுன்னு நம்பிட்டேன். வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினப்போ கை நடுங்கிச்சு.

வெளியே எவ்வளவு வெளிச்சம் இருக்குன்னு காருக்குச் சொல்றது ஒரு சின்ன சென்சார். டேஷ்போர்டு மேலே, முன்கண்ணாடி ஓரமா, சட்டைப் பொத்தான் அளவில் கருப்பா இருக்கும். இருட்டினா ஹெட்லைட்டைப் போடுறதும் மீட்டர் வெளிச்சத்தைக் குறைக்கிறதும் அதை நம்பித்தான் நடக்குது.

மறுநாள் மெக்கானிக் அண்ணன்கிட்ட, "சென்சாரை மாத்திடுங்கண்ணே"ன்னு சொன்னேன். "அவசரப்படாத தம்பி, மொதல்ல சோதிச்சுப் பார்ப்போம்"னு சொல்லிட்டு, ஒரு பழைய துணியை நாலா மடிச்சு அந்தப் பொத்தான் மேலே போட்டார். சென்சார் நல்லா இருந்தா, ராத்திரின்னு நினைச்சு சில நொடியில் லைட் எரியணும். எரியலை.

அந்தத் துணியைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது ஒரு பெட்டி மூடி.

1871-ல் சென்னையில் இருந்து பினாங்கு வழியா சிங்கப்பூருக்கு, நம்ம வங்கக் கடலுக்கு அடியில் தந்திக் கேபிள் போனது. அந்தக் காலத்தில் கடலடிக் கேபிள்களைத் தயாரித்த லண்டன் கம்பெனியில் வேலை பார்த்த மின் பொறியாளர் வில்லோபி ஸ்மித். கேபிளை இறக்கும்போதே பழுது இருக்கான்னு விடாமல் சோதிக்க, அவருக்கு மின்தடை ரொம்ப அதிகமான ஒரு பொருள் தேவைப்பட்டது. செலினியம் கம்பிகளை எடுத்தார். ஆனா அளவு ஒவ்வொரு தடவையும் மாறிக்கிட்டே இருந்தது.

'இது சரிப்படாது'ன்னு தூக்கிப் போட்டிருக்கலாம். அவர் ஏன் மாறுதுன்னு தேடினார். கம்பிகளைப் பெட்டியில் வைத்து மூடினால் மின்தடை உச்சத்தில் இருந்தது. மூடியை நகர்த்தி வெளிச்சம் பட்டதும் மின்சாரம் 15 முதல் 100 சதவீதம் வரை கூடுதலாகப் பாய்ந்தது. காரணம் சூடு இல்லை, ஒளிதான். 1873 பிப்ரவரியில் இதை அவர் கடிதமா எழுதினார், 'நேச்சர்' இதழிலும் அது வந்தது. பழுதுன்னு தோணினதுதான் கண்டுபிடிப்பு.

காருக்கு இந்தக் கண் வந்தது ரொம்பத் தாமதமாத்தான். 1952-ல் ஜெனரல் மோட்டார்ஸ், காடிலாக், ஓல்ட்ஸ்மொபில் கார்களில் 'ஆட்ரானிக் ஐ'ன்னு ஒரு கருவியை டேஷ்போர்டு மேலே வைத்தது. எதிரே வண்டி வந்தா ஹை பீமைத் தானே இறக்கும். 1960-களில் காடிலாக், இருட்டினா தானே விளக்குப் போடும் வசதியைக் கொண்டுவந்தது. பின்னால் வந்த பல சென்சார்களில் காட்மியம் சல்பைடு இருந்தது. அதில் இருக்கிற காட்மியம் நச்சு உலோகம். 2003 ஜூலைக்குப் பிறகு விற்பனைக்கு வரும் வண்டிகளில் ஐரோப்பிய யூனியன் அதைக் கட்டுப்படுத்தியது. இப்போ பெரும்பாலும் சிலிக்கான் டையோடுதான்.

என் காரில் இருந்தது பழைய வகை. வெயிலில் காய்ந்த டேஷ்போர்டு கீறல் விழாம, பிளாஸ்டிக் பட்டையால் மெதுவா நெம்பி எடுத்தார் அண்ணன். வயர் உள்ளே விழாம இருக்க முதல்ல ஒரு நூலால் கட்டினார். பின்னில் பச்சை பூத்திருந்தது, கடல் காற்று. சுத்தம் பண்ணி, திரும்பவும் துணி. ம்ஹூம். கடைசியா மல்டிமீட்டர். உள்ளங்கையில் மூடினாலும் சரி, வெயிலில் காட்டினாலும் சரி, ஒரே எண். வெளிச்சம் பட்டா மின்தடை இறங்கணும், இருட்டில் ஏறணும். "கண்ணு போச்சு தம்பி"ன்னார்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய பாகம் ஒண்ணு கிடைச்சது. பிளக் பொருந்தினா போதாது, பார்ட் நம்பரும் ஒண்ணா இருக்கணும்னு அண்ணன் கண்டிப்பா சொல்லியிருந்தார். மாட்டினோம். துணியைப் போட்டதும் நாலு நொடியில் கடைச் சுவர் பளிச்சுன்னு ஆச்சு.

உங்க காரில் ஆட்டோ லைட் இருந்தா, இன்னைக்கே ஒரு துணியைப் போட்டுப் பாருங்க. என் சென்சார் இப்போ ஒழுங்காத்தான் வேலை செய்யுது. ஆனா வாஞ்சூர் தாண்டினதும் கை தானா சுவிட்சுக்குப் போயிடுது. அந்தப் பெரியவர் குரல் அப்படி.