இரத்தக் கொதிப்பும் சர்ப்பகந்தாவும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலே போடிநாயக்கனூரில் பிறந்து வளர்ந்தவன் நான். விடியற்காலையில் ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளின் ஓசையும், கிடங்குகளிலிருந்து தெருவரை வந்து கமழும் ஏலக்காயின் மணமும் எங்கள் ஊருக்கே உரியவை. எங்கள் வணிகர் வாய்ச்சொல்லை நம்பிக் காய் வாங்குவதில்லை. சல்லடையில் சலித்துப் பருமனைப் பார்ப்பர். தராசில் நிறுத்து எடையைப் பார்ப்பர். அதன் பிறகே விலை பேசுவர்.

என் பெரியப்பா அத்தகைய கடையொன்றில் முப்பது ஆண்டுகள் காய் தரம் பிரித்தவர். ஐம்பதாம் வயதில் அவருக்கு இரத்தக் கொதிப்பு இருப்பதாக மருத்துவர் கூறி மாத்திரை கொடுத்தார். சில மாதங்கள் உட்கொண்டார். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. ஆகவே நோயும் இல்லை என்று முடிவு செய்து மாத்திரையை நிறுத்திவிட்டார். பாலில் வேகவைத்த பூண்டு, முருங்கைக்கீரைச் சாறு, வாயில் எந்நேரமும் இரண்டு ஏலக்காய், இவையே போதும் என்றார். ஊறுகாயும் கருவாடும் முன்போலவே இலையில் இருந்தன. ஒருநாள் விடியலில் அவருடைய வலக்கையும் வலக்காலும் செயலற்றுப் போயின, நாவும் குழறியது. அதன்பின் நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த நான்கு ஆண்டுகளில் என் பெயரை ஒருமுறைகூட அவரால் சொல்ல இயலவில்லை.

அப்படியானால் நாட்டு மருந்தெல்லாம் பொய்யா? இவ்வினா என்னைப் பல நூல்களைத் தேடிப் படிக்கச் செய்தது. அங்கே நான் கண்ட சரித்திரத்தை மாணவ நண்பர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒன்றை உணர வேண்டும். இரத்தக் கொதிப்பு பெரும்பாலும் வலியும் அறிகுறியும் இன்றி வளரும் நோய். நாடி பார்ப்பதில் வல்லவர்களான நம் முன்னோரும் அதை எண்ணால் அளக்க வழியில்லை. 1733-ஆம் ஆண்டில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், குதிரையின் இரத்தக் குழாயில் கண்ணாடிக் குழலைப் பொருத்தி, இரத்தம் எவ்வளவு உயரம் எழுகிறது என்று கண்டதை நூலாக வெளியிட்டார். 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி கையில் பட்டை சுற்றி அளக்கும் கருவியை அமைத்தார். 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரொட்கோவ், பட்டைக்குக் கீழே குழாய் வைத்து ஓசை கேட்டு, மேல் அழுத்தம், கீழ் அழுத்தம் இரண்டையும் அறியும் முறையைக் கண்டார். அதன் பிறகே இந்நோய் தெளிவாகக் கண்ணுக்குப் புலப்பட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சர்ப்பகந்தா என்பது மேற்கு மலைச்சாரல்களிலும் இமயமலை அடிவாரத்திலும் வளரும் சிறு செடி. அதன் வேரைப் பாம்புக்கடிக்கும், சித்தம் கலங்கியவர்களை அமைதிப்படுத்தவும் நாட்டு வைத்தியர் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தினர். பீகாரில் அது பைத்திய மருந்து என்றே வழங்கப்பட்டது. 1931-இல் கல்கத்தாவில் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும், இவ்வேர் இரத்த அழுத்தத்தையும் தணிக்கிறது என்று எழுதினர். அதே ஆண்டில் டில்லியில் சலீமுஸ்ஸமான் சித்தீகி அவ்வேரிலிருந்து சில சத்துகளைப் பிரித்தெடுத்து, அவற்றுள் ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல் கான் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார்.

பம்பாயில் ருஸ்தம் ஜால் வக்கீல் என்னும் இருதய மருத்துவர் அவ்வேரைத் தம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அழுத்தத்தை மருந்துக்கு முன்னும் பின்னும் அளந்து, ஐம்பது நோயாளிகளின் விவரத்தை 1949-இல் பிரிட்டிஷ் இருதய மருத்துவ இதழில் வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தனர். வக்கீலுக்கு 1957-இல் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு கிடைத்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அம்மருந்தை உண்டவர் சிலரிடம் ஆழ்ந்த மனச்சோர்வு தோன்றுவதை மருத்துவர்கள் 1950-களிலேயே கவனித்தனர். நன்மையைக் காட்டிய அதே கவனம் தீமையையும் காட்டியது. பிற்காலத்தில் வேறு மருந்துகள் அதன் இடத்தைப் பெற்றன. வேரை நாமாகவே இடித்து உண்பதும் ஆபத்து. சத்தின் அளவு செடிக்குச் செடி மாறுபடும்.

எங்கள் ஏலக்காய்க்கும் இத்தகைய சோதனை நடந்ததுண்டு. உதயப்பூரைச் சேர்ந்த ஆய்வாளர்கள், தொடக்க நிலைக் கொதிப்புள்ள இருபது பேருக்கு நாள்தோறும் மூன்று கிராம் ஏலப்பொடி வீதம் பன்னிரண்டு வாரம் கொடுத்து, அழுத்தம் குறைந்ததாக 2009-இல் எழுதினர். மகிழ்ச்சியான செய்திதான், எனினும் இருபது பேரைக் கொண்டு மருந்தென்று உறுதி கூற இயலாது. பூண்டும் சற்றே உதவக்கூடும் என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. மறுபுறம், இருமலுக்குச் சுவைக்கும் அதிமதுரத்தை நெடுநாள் மிகுதியாக உண்டால் அழுத்தம் உயரும். மூலிகை என்ற ஒரே காரணத்தால் ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது.

ஐயத்துக்கு இடமின்றி உதவுபவை எளியவை. உப்பு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. காய்கறி, கீரை, பழம் மிகுதியாக உண்ணுதல், நாள்தோறும் நடத்தல், உடற்பருமனைக் குறைத்தல், புகையிலையையும் மதுவையும் விலக்குதல் ஆகியவை மருந்துக்குத் துணை நிற்பவை. மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்துவதற்கு இவை காரணமாகிவிடக் கூடாது. 2021 ஆகஸ்டு மாதத்தில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம், இந்நோய்க்கான மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்க ஏற்பட்டது.

என் பெரியப்பா உண்ட பூண்டின்மேல் நான் குற்றம் சொல்லவில்லை. அது வேலை செய்கிறதா என்று அவர் ஒருமுறையேனும் கையை நீட்டி அளந்து பார்த்திருக்கலாம். காயை அளக்காமல் வாங்காத மனிதர், தம் உயிரை அளக்காமல் விட்டுவிட்டார்.

மாணவ நண்பர்களே, இந்த வார விடுமுறையில் உங்கள் தாய் தந்தையரை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே சொல்லும் இரண்டு எண்களையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வையுங்கள்.