சூதாட்டத்திற்கு இலக்கணம் எழுதிய மருத்துவர்

ஒரு தொகையை முன்னரே வரையறுத்துக்கொள், நேரத்தை அளந்துகொள், கடன் வாங்கி ஆடாதே, இழந்ததை மீட்கும் வெறியில் மேலும் இழக்காதே. கைப்பேசியில் சூதாடப் புதிதாக வருவோருக்கு இத்தகைய அறிவுரைகள் இன்று தாராளமாக வழங்கப்படுகின்றன. ஆட்டத்தை நடத்தும் நிறுவனங்களே இவற்றைச் சொல்கின்றன. பொறுப்போடு தொடங்கினால் தீங்கில்லை என்பது இவற்றின் உட்பொருள்.

இது நம் காலத்தில் தோன்றிய புதுச் சிந்தனை அன்று. 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் வாழ்ந்த மருத்துவர் ஒருவர் இதே அறிவுரையை இலத்தீன் மொழியில் நூலாகவே எழுதிவைத்தார். அந்நூலையும் அதை எழுதியவரின் வாழ்வையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அவ்வறிவுரை எவ்வளவு தூரம் மனிதனைத் தாங்கும் என்பது தெளிவாகும்.

கர்தானோவும் பகடையும்

ஜெரொலாமோ கர்தானோ 1501-ஆம் ஆண்டு பவியா நகரில் பிறந்தார். தந்தை ஃபாத்சியோ வழக்கறிஞர், கணிதத்திலும் வல்லவர், ஓவியர் லியொனார்தோ தா வின்சியின் நண்பர். மகனோ மருத்துவத்தில் ஐரோப்பாவெங்கும் புகழ்பெற்றார். 1545-இல் அவர் வெளியிட்ட ‘அர்ஸ் மாக்னா’ என்னும் இயற்கணித நூல் கணித வரலாற்றில் ஒரு மைல்கல்.

இத்தகைய அறிஞரை இளமையிலேயே சூது பற்றிக்கொண்டது. தந்தை மறைந்தபின் பகடையும் சீட்டும் சிலகாலம் அவருக்குச் சோறு போட்டன. வாய்ப்புகளைக் கணக்கிடத் தெரிந்தவர் ஆதலால் தொடக்கத்தில் வென்றார். வெற்றியைத் தூண்டில் முள்ளாக வள்ளுவர் கண்டது இதனால்தான் போலும். பின்னர் மனைவியின் நகைகளும் வீட்டுத் தட்டுமுட்டுப் பொருள்களும் அடகுக்குப் போயின. குடும்பம் மிலான் நகரின் ஏழையர் விடுதியில் தஞ்சம் புகுந்தது. வெனிஸ் நகரில் ஒருமுறை, மரியன்னையின் பிறப்பு விழா நாளில், எதிராளி அடையாளமிட்ட சீட்டுகளால் தம்மை ஏமாற்றியதைக் கண்டு, கத்தியால் அவன் முகத்தைக் கீறிவிட்டுப் பணத்தோடு வெளியேறினார். இவற்றையெல்லாம் பிறர் சொல்லவில்லை. முதுமையில் உரோமையில் இருந்து எழுதிய தன்வரலாற்றில் அவரே மறைக்காமல் பதிவுசெய்துள்ளார்.

நூல் சொல்வது

‘லீபெர் தெ லூதோ அலேயே’, அதாவது ‘சூதாட்டம் பற்றிய நூல்’, சிறு சிறு இயல்களாக அமைந்தது. இரண்டு பகடைகளை உருட்டினால் 36 விதமாகவும், மூன்றை உருட்டினால் 216 விதமாகவும் விழலாம் என்று கணக்கிட்டு, எந்த எண்ணுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று அது ஆராய்கிறது. நிகழ்தகவு என்று இன்று நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் கணிதத்தின் முதல் விதைகள் இங்கே உள்ளன. ஆனால் கர்தானோ இறந்து 87 ஆண்டுகள் கழித்து, 1663-இல்தான் இந்நூல் அச்சேறியது. அதற்குள், 1654-இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்கள் அத்துறைக்கு அடித்தளம் இட்டுவிட்டன.

கணக்கோடு அவர் நிற்கவில்லை. ஆடுவோருக்கு ஒழுங்கும் வகுத்தார். தகுதியான எதிராளியோடு ஆடு. தகுந்த இடத்தில் ஆடு. சிறு தொகை வைத்து ஆடு. அரிதாகவும் குறுகிய நேரமும் ஆடு. சுருங்கச் சொன்னால், யாரோடு, எங்கே, எவ்வளவு, எவ்வளவு நேரம் என்ற நான்கு வரம்புகள். இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக, ஆடுவோர் இருவருக்கும் நிலைமை சமமாக இருக்கவேண்டும் என்றார். சமநிலை உன் எதிராளிக்குச் சாதகமாகக் குலைந்தால் நீ மூடன்; உனக்குச் சாதகமாகக் குலைந்தால் நீ அநீதன் என்பது அவர் கருத்து. ஆடாமலே இருப்பதுதான் சூதில் பெறும் பெரும் இலாபம் என்றும் அவரே கூறியுள்ளார்.

இப்படி எழுதத் தெரிந்தவர், ஏறத்தாழ 25 ஆண்டுகள் நாள் தவறாமல் பகடை உருட்டியதாகத் தன்வரலாற்றில் வருந்துகிறார். பொருளும் காலமும் மதிப்பும் ஒருங்கே போயின. இளைய மகன் அல்தோவும் சூதாடியாகித் தந்தையின் வீட்டிலேயே திருடினான். பெற்றவரே முறையிட்டு அவனைப் பொலோஞ்ஞா நகரிலிருந்து வெளியேற்ற வேண்டியதாயிற்று. வரம்புகளை வகுத்த அறிவு, அவற்றைக் காக்கும் வலிமையை அவருக்குத் தரவில்லை. தந்தையின் மேசையருகே வளர்ந்த பிள்ளை கண்டு கற்றது ஆட்டத்தை. அதன் வரம்பை அன்று.

சமநிலை குலைந்த கதை

கர்தானோ காலத்துச் சூது பெரும்பாலும் மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையே நடந்தது. 1638-இல் வெனிஸ் அரசு ‘ரிதொத்தோ’ என்னும் ஆட்டக்கூடத்திற்கு அனுமதி அளித்தபோது நிலைமை மாறியது. முகமூடி அணிந்து வருவோர் ஒருவரோடொருவர் ஆடாமல், கூடத்தின் வங்கியாளரோடு ஆடினர். ஆட்ட விதிகளே வங்கியாளருக்குச் சற்றுச் சாதகமாக அமைந்திருந்தன. குடிமக்களின் செல்வம் கரைவதைக் கண்ட அதே வெனிஸ் அரசு 1774-இல் அக்கூடத்தை மூடியது. ஆயினும் அந்த ஏற்பாடு உலகெங்கும் பரவிவிட்டது.

அதன் கணக்கு எளியது. ‘ரூலெட்’ என்னும் சுழல்சக்கரத்தில், ஐரோப்பிய முறைப்படி, 0 முதல் 36 வரை 37 எண்கள் உண்டு. நாம் பணம் வைத்த எண் விழுந்தால், வைத்ததோடு அதைப்போல் 35 மடங்கு கிடைக்கும். ஒவ்வோர் எண்ணிலும் 100 ரூபாய் வீதம் 3,700 ரூபாய் வைத்தவருக்குத் திரும்ப வருவது 3,600 ரூபாய். மீதி 100 ரூபாய் கூடத்திற்கு. இதில் மோசடி எதுவுமில்லை, விதியே அப்படி. ஒருவர் சிலநாள் வெல்லலாம். ஆட்டம் நீள நீள இக்கணக்கே மேலோங்கும். பணம் வைத்து ஆடும் இணைய ரம்மியில் நிறுவனம் எதிராளியாக இல்லாவிடினும், வைக்கும் தொகையிலிருந்து தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. வென்றவர் யாராயினும் அது இழப்பதில்லை.

கர்தானோவின் நான்கு வரம்புகளைக் கைப்பேசியில் பொருத்திப் பாருங்கள். யாரோடு ஆடுகிறோம் என்பது தெரியாது. இடமோ படுக்கையறையும் பேருந்தும் அலுவலக மேசையும். தொகை கண்ணில் படும் நோட்டாக இல்லாமல் திரையில் மாறும் எண்ணாக இருக்கிறது. நேரமோ, மேசையில் ஒரு மணி அளவு பிடிக்கும் 37 சுற்றுகள், சுற்றுக்கு 10 விநாடி வீதம் ஆறே நிமிடத்தில் முடிந்துவிடும். வரம்பை நினைவூட்டும் பொறுப்பும், வரம்பு மீறினால் இலாபம் அடையும் நிறுவனத்திடமே உள்ளது.

அரசுகள் இதை உணரத் தலைப்பட்டுள்ளன. பிரிட்டன் 2020-இல் கடன் அட்டை மூலம் சூதாடுவதைத் தடுத்தது. இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில், திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் என்ற வேறுபாடு பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆயினும் வீட்டுக் கதவைத் தாண்டிச் சட்டம் எப்போதும் வந்து நிற்பதில்லை.

இன்னொருவர்

கர்தானோ தன்வரலாற்றை எழுதிய அதே 1575-இல், அதே இத்தாலியில், இன்னொரு சூதாடியின் வாழ்வு திரும்பியது. அவர் பெயர் கமில்லுஸ் தெ லெல்லிஸ். சூதாடியான படைவீரரின் மகன், தாமும் படைவீரர். 1574-இல் நேப்பிள்ஸ் நகரில் உடைமை அனைத்தையும் ஆட்டத்தில் இழந்தார். பிழைப்புக்காகக் கப்புச்சின் துறவிகளின் கட்டடப் பணியில் கூலியாளாகச் சேர்ந்தார். அங்கே மனம் திரும்பினார். தம் நடத்தையால் முன்பு எந்த உரோமை மருத்துவமனையிலிருந்து வெளியேற்றப்பட்டாரோ, அங்கேயே நோயாளரின் ஊழியரானார். பின் அதன் பொறுப்பாளரும் ஆனார். அவர் தொடங்கிய சபை இன்றும் நோயாளரிடையே பணிபுரிகிறது. 1746-இல் திருச்சபை அவரைப் புனிதர் எனப் போற்றியது.

இருவரில் அறிவு மிக்கவர் கர்தானோ என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் ஆட்டத்திற்குள் இருந்துகொண்டே அளவு தேடினார். கமில்லுஸ் வெளியேறினார், தனித்து அன்று, தம்மை ஏற்றுக்கொண்ட மனிதர்களின் துணையோடும், கைகளுக்குக் கிடைத்த வேறொரு பணியோடும்.

ஆகவே பொறுப்போடு தொடங்குவது எப்படி என்று நம் இல்லத்து இளைஞர் எவரேனும் கேட்டால், அவரைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. 37 எண்களின் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுவோம். ஏற்கெனவே தொடங்கிவிட்டவர் எனில், கடனை ஒளித்து ஒளித்து அடைக்காமல் வீட்டாரிடம் சொல்லவும், பணப்பொறுப்பைச் சிலகாலம் நம்பிக்கைக்குரியவரிடம் ஒப்படைக்கவும் துணைநிற்போம். அதைச் சொல்லும் அளவுக்கு அவருக்கு நம்மீது நம்பிக்கை இருக்கவேண்டும். அந்த நம்பிக்கையை முன்கூட்டியே வளர்த்து வைப்பது நம் கடமை.