உடற்கூற்று ஓவியம்

மனித உடலை அறுத்துப் பார்த்து, கண்டதை மாணவருக்காகத் தீட்டும் கலை. அழகும் அருவருப்பும் இதில் எப்போதும் சேர்ந்தே வந்தன. 1543-இல் பாசல் நகரில் அச்சான வெசாலியஸின் நூலில் தோலுரிந்த மனிதர்கள் ஊர்ப்புறக் காட்சியின் முன் உலாவுகிறார்கள். 1556-இல் வந்த வால்வெர்தேயின் நூலில் ஒருவன் ஒரு கையில் கத்தியும் மறுகையில் தன் முழுத் தோலுமாக நிற்கிறான். பேரணாம்பட்டுத் தோல் ஷாப்பில் பச்சைத் தோலைத் தூக்கிப் பார்த்தவருக்கு அது தொங்கும் விதம் விளங்கும். விளங்காதது, உரிபட்டவனின் கம்பீரம்.

தமிழகத்தில் இக்கலையின் சுவடுகளைத் தஞ்சையில் காணலாம். இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) சேர்த்த சரசுவதி மகால் நூலகத்தில் பிரெஞ்சு ஓவியர் சார்ல் லெ பிரனின் படங்கள் உள்ளன. மனித முகம் விலங்கு முகத்தோடு ஒப்பிடப்படும் அவை பார்வையாளரை இன்றும் சிரிக்கவும் சங்கடப்படவும் வைக்கின்றன. இவற்றைவிட அரியவை மன்னர் காலத்துக் கண் மருத்துவக் குறிப்புகள். நோயாளியின் வரலாறு ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்க, சில குறிப்புகளோடு நோயுற்ற கண்கள் வண்ணத்தில் தீட்டப்பட்டுள்ளன. வெசாலியஸின் பிணங்கள் நடிக்கின்றன. தஞ்சைக் கண்களோ உயிருள்ளவர்களுடையவை, நம்மைத் திருப்பிப் பார்ப்பவை. கலக்கம் தருவதில் இவற்றுக்கே முதலிடம் தரலாம்.

1858-இல் லண்டனில் வெளியான கிரேயின் உடற்கூற்று நூல் நடிப்பையெல்லாம் அகற்றியது. அதன் படங்களை வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர் என்ற இளம் மருத்துவர். ஒவ்வொரு உறுப்பின் பெயரையும் அவர் அந்த உறுப்பின் மேலேயே எழுதினார். தலைப்புப் பக்கத்தில் கார்ட்டரின் பெயரைச் சிறிய எழுத்தில் போடச் சொன்னவர் கிரே. அறுக்கப்பட்ட உடல்களுக்கோ பெயரே இல்லை. கேட்பாரற்று இறந்த ஏழைகளின் உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்குத் தர 1832-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்திருந்தது.

கிரேயின் நூலை யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872-இல் தமிழில் வெளியிட்டார். மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர் அவர்.

கார்ட்டர் அதற்குள் பம்பாய்க்கு வந்து, இந்திய நோய்களை வரையத் தொடங்கியிருந்தார். வெறுங்காலுடன் வயலில் உழைப்பவர்களைத் தாக்கி, பாதத்தை வீங்க வைத்துப் புழை புழையாக்கும் பூஞ்சை நோய் பற்றிய அவரது நூல் வண்ணப்படங்களுடன் 1874-இல் வந்தது. 1842-இல் மதுரை மருந்தகத்தின் மருத்துவர் கில் முதலில் பதிவுசெய்த அந்நோயை மருத்துவ நூல்கள் இன்றும் 'மதுரைப் பாதம்' என்றும் குறிப்பிடுகின்றன.