எதிர்கொண்டு போவதா, தப்பிப் போவதா? ரகசிய வருகை விவாதத்தின் தென்னிந்தியக் கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)



2025 செப்டம்பர் 23, 24 தேதிகள் ஞாபகம் இருக்கா? தென்னாப்பிரிக்கர் ஒருவர் அந்த இரண்டு நாட்களில் இயேசு வந்து தன் மக்களை எடுத்துக்கொள்வார் என்று சொன்ன வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. அந்த நாட்கள் வந்தன, போயின. அப்புறம் மீம்ஸ் வந்தன. நிறைய பேர் இதை ஒரு இணைய காமெடியாக மட்டும் பார்த்தார்கள். ஆனால் இந்த எதிர்பார்ப்பும், இதைச் சுற்றிய சண்டையும், நம்ம ஊர்ப் பக்கத்தில் கிட்டத்தட்ட இருநூறு வருஷக் கதை. இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறோம்.

முதலில், சண்டை எதைப் பற்றி?

கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இயேசு திரும்ப வருவார் என்பதில் இவர்களுக்குள் சண்டை இல்லை. உலகத்தின் கடைசியில் 'மகா உபத்திரவம்' என்ற கொடிய காலம் வரும், தேவனுடைய 'கோபாக்கினை' பூமியின் மேல் ஊற்றப்படும் என்பதையும் இந்த விவாதத்தில் இருக்கிற எல்லாத் தரப்பும் ஏற்கிறது. கேள்வி ஒன்றே ஒன்றுதான்: விசுவாசிகள் ஆகாயத்தில் எடுத்துக்கொள்ளப்படுவது அந்தக் காலத்துக்கு முன்பா, நடுவிலா, பின்பா?

முன்பே என்பவர்கள் 'ரகசிய வருகை', 'பகிரங்க வருகை' என்று இரண்டு கட்டமாகப் பிரிக்கிறார்கள். சபை முதலிலேயே போய்விடும், உபத்திரவத்தைப் பார்க்காது. பின்பு என்பவர்களுக்கு வருகை ஒன்றுதான். சபை உபத்திரவத்தின் வழியாகத்தான் போகும். இன்னொரு தரப்பு, உபத்திரவமும் கோபாக்கினையும் ஒன்றல்ல என்கிறது. உபத்திரவம் மனிதர்களிடமிருந்தும் சாத்தானிடமிருந்தும் வருவது, அதைச் சபை தாங்கும். கோபாக்கினை தேவனிடமிருந்து வருவது, அதற்கு முன் சபை எடுக்கப்படும். அமெரிக்காவில் மார்வின் ரோசென்தால் 1990ல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு இந்தக் கருத்து பிரபலமானது. நான்காவதாக, விழிப்பாக இருப்பவர்கள் மட்டும் முதலில் போவார்கள், மற்றவர்கள் உபத்திரவத்தில் புடமிடப்படுவார்கள் என்ற கருத்தும் உண்டு.

கேட்க டைம்-டேபிள் சண்டை மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே இருப்பது ஒரு கனமான கேள்வி: கஷ்டம் வரும்போது, நம்பிக்கை உள்ளவன் அதிலிருந்து காப்பாற்றப்படுவானா, அதற்குள்ளேயே காப்பாற்றப்படுவானா?

ஒரு பல் மருத்துவரும் ஒரு தமிழ் உபதேசியாரும்

ரகசிய வருகை என்ற போதனைக்கு உருவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஜான் நெல்சன் டார்பி. 1830களின் தொடக்கத்தில் அயர்லாந்தில் பவர்ஸ்கோர்ட் மாளிகையில் நடந்த தீர்க்கதரிசன மாநாடுகளில் இந்த விஷயங்கள் சூடாக விவாதிக்கப்பட்டன. அந்தக் குழுதான் 'பிரதரன்' இயக்கம். அதற்குள்ளேயே பிளிமத்தில் இருந்த பெஞ்சமின் வில்ஸ் நியூட்டன், சபை உபத்திரவத்தைக் கடக்கும் என்று டார்பியை எதிர்த்தார். 1840களில் இயக்கம் உடைந்தது. உடைந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இதுவும் ஒன்று.

அந்த இயக்கத்தின் ஆரம்பகால ஆட்களில் ஒருவர் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ். எக்ஸிட்டர் நகரத்துப் பல் மருத்துவர். தொழிலை விட்டுவிட்டு 1829ல் பாக்தாத் போனார். 1831ல் அங்கே கொள்ளைநோய், வெள்ளம், மனைவியை இழந்தார். 1833ல் இந்தியா வந்தார். கர்த்தர் சீக்கிரம் வருவார் என்று எதிர்பார்த்த மனிதர், உபத்திரவத்தைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே வீட்டுக்குள் பார்த்துவிட்டார்.

அவருடைய தமிழ்ச் சீடர்தான் ஜான் அருளப்பன். 1810ல் திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவர். பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். பிறகு குரோவ்ஸோடு சேர்ந்து வேலை செய்தார். மிஷன் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்வது என்ற குரோவ்ஸின் கொள்கையை அப்படியே பிடித்துக்கொண்டார். 1840களின் தொடக்கத்தில் வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் கிறிஸ்தியான்பேட்டை என்ற கிராமத்தை அமைத்தார்.

1860ல் அங்கே ஒரு பெரிய எழுப்புதல் வெடித்தது. ஜனங்கள் நடுங்கி விழுந்தார்கள், மார்பில் அடித்துக்கொண்டார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள், ஆகாயத்தில் அடையாளங்கள் கண்டதாகச் சொன்னார்கள். இதையெல்லாம் அருளப்பன் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அமெரிக்காவின் அசூசா தெரு எழுப்புதலுக்கு 46 வருஷம் முன்பு நடந்த விஷயம் இது! 1867ல் அவர் இறந்தார்.

அந்த நாட்குறிப்பு 1939ல் லண்டனில் புத்தகமாக வந்தது. அதைத் தொகுத்தவர் யார் தெரியுமா? ஜி. ஹெச். லாங். மேலே நான்காவதாகச் சொன்ன, விழிப்பாக இருப்பவர்கள் மட்டும் முதலில் போவார்கள் என்ற கருத்தின் மிக முக்கியமான ஆங்கில எழுத்தாளர்களில் ஒருவர். அதாவது, தமிழ் உபதேசியார் ஒருவரின் வாழ்க்கை நமக்கு ஒழுங்காகக் கிடைப்பதற்கு, வருகை விவாதத்தில் தன் கூட்டத்தாரோடேயே முரண்பட்ட ஒரு ஆங்கிலேயர் காரணம்.

தேதி குறித்தால் என்ன ஆகும்?

எழுப்புதல் அலை மலையைத் தாண்டித் திருவிதாங்கூருக்கும் போனது. 1873ல் அங்கே பெரிய எழுப்புதல். அதன் மையத்தில் இருந்தவர் ஜஸ்டஸ் ஜோசப். தமிழ் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, 1861ல் குடும்பத்தோடு கிறிஸ்தவரானவர். ஆங்கிலிக்கன் குருவாக இருந்தார். நல்ல கவிஞர், 'வித்வான் குட்டி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

1875ல் இந்தக் கூட்டத்தில் ஒரு தீர்க்கதரிசனம் பிறந்தது: ஆறு வருஷத்தில், 1881ல், கர்த்தர் வருவார். மிஷனரிகள் இவர்களுக்கு 'ஆறு வருஷக் கட்சி' என்றே பெயர் வைத்தார்கள்.

அந்த ஆறு வருஷத்தில் பக்கத்துச் சென்னை மாகாணத்தில் என்ன நடந்தது என்று பாருங்க. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். கடைசிக் காலத்தின் அடையாளங்களில் பஞ்சமும் ஒன்று என்று வேதத்தில் படித்தவனுக்கு அந்த வருஷங்கள் எப்படித் தெரிந்திருக்கும்?

1881 வந்தது. போனது. பலர் பழைய சபைக்குத் திரும்பினார்கள். மிச்சமிருந்தவர்கள், வருகைக்கு வேறு அர்த்தம் கொடுத்து 'யுயோமயம்' என்ற தனிச் சபையாகத் தொடர்ந்தார்கள். டெட்லைன் தாண்டினால் வாக்கின் அர்த்தத்தை மாற்றுவது பிறகு உலகத்தில் பல இடங்களில் நடந்தது. தென்கொரியாவில் 1992 அக்டோபர் 28க்குத் தேதி குறித்த கூட்டமும் இதே சுவரில்தான் முட்டியது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. மணவாளனே, ஏன் இந்தத் தாமதம் என்று ஏங்குகிற வித்வான் குட்டியின் பாட்டைக் கேரளக் கிறிஸ்தவர்கள் இன்றும் பாடுகிறார்கள். அவர் குறித்த தேதியைச் சபைகள் ஒதுக்கிவிட்டன. ஏக்கத்தை வைத்துக்கொண்டன.

ஒரு தமிழ் வார்த்தை

கடைசியாக, விவாதத்தின் முடிச்சு ஒரு வார்த்தையில் இருக்கிறது. தெசலோனிக்கேயருக்கு எழுதின முதல் நிருபம், நாலாம் அதிகாரம். விசுவாசிகள் ஆகாயத்தில் கர்த்தரைச் சந்திப்பதற்குக் கிரேக்கத்தில் 'அப்பந்தேசிஸ்' என்ற சொல். தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பு இதை 'எதிர்கொண்டுபோக' என்று வைத்திருக்கிறது. பத்துக் கன்னிகைகள் மணவாளனைச் சந்திக்கப் புறப்படும் இடத்திலும் அதே சொல். பவுலைப் பார்க்க ரோமிலிருந்து சகோதரர்கள் வழியில் வந்து நின்றபோதும் அதேதான்.

தமிழனுக்கு எதிர்கொள்வது என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. மாப்பிள்ளை அழைப்பில் பெண் வீட்டார் எதிரே போவது மாப்பிள்ளையோடு வேறு ஊருக்குப் போவதற்கா? மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு வரத்தானே! இங்கே பார்த்தசாரதி கோயில் மாட வீதியில் சுவாமி புறப்பாடு வரும்போதும், எதிரே போய்ச் சேவித்தவர்கள் திரும்பிக் கூடவே நடப்பார்கள். உபத்திரவத்துக்குப் பின் ஒரே வருகை என்பவர்களின் வாதம் இதுதான்: சபை மேலே போவது ராஜாவைப் பூமிக்கு அழைத்து வர.

மறுபக்கமும் லேசான ஆள் இல்லை. சந்தித்தபின் எந்தத் திசையில் போகிறார்கள் என்று அந்த வசனம் சொல்லவே இல்லையே என்பார்கள். அடுத்த அதிகாரத்திலேயே, நாம் கோபாக்கினைக்கு நியமிக்கப்படவில்லை என்று பவுல் சொல்வதைக் காட்டுவார்கள். பிலதெல்பியா சபைக்குச் சோதனைகாலத்திலிருந்து தப்புவிப்பதாகக் கொடுத்த வாக்கைக் காட்டுவார்கள். எந்த நிமிஷமும் வரலாம் என்றால்தானே விழித்திருப்பான் என்று கேட்பார்கள். அதுவும் நியாயமான கேள்வி.

இந்த விவாதத்தை நான் தீர்க்கப் போவதில்லை. ஆனால் வரலாறு ஒன்றைக் காட்டுகிறது. குரோவ்ஸும் அருளப்பனும் அவர் நாளைக்கே வரலாம் என்று நம்பிக்கொண்டு கிராமம் கட்டினார்கள், ஆள் பயிற்றுவித்தார்கள். ஆறு வருஷக் கட்சி தேதி குறித்தது. அந்தத் தேதியே அவர்களைப் பிரித்தது. ஒருவர் வருகையை முன்பு வைக்கிறாரா, பின்பு வைக்கிறாரா என்பதைவிட, கொள்ளைநோயும் பஞ்சமும் வாசலுக்கு வந்தபோது அந்த நம்பிக்கை அவரை என்ன செய்ய வைத்தது என்பதுதான் நான் பார்க்கிற அளவுகோல்.

உங்கள் சபையில் எதைப் போதித்தார்கள், பாட்டி தாத்தா என்ன சொல்லிக் கேட்டிருக்கீங்க? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.