பால்மரத் தோட்டங்களில் ரத்தசோகை: ஜொகூரை முன்வைத்து ஓர் ஆய்வு

1909இல் ஜொகூர் பாருவையும் கிம்மாசையும் இணைக்கும் ரயில் பாதை முடிந்தது. அதை ஒட்டிக் குளுவாங், சிகாமட் வட்டாரங்களில் காடு அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் அழைத்து வந்த தமிழர்கள் லயங்களில் குடியேறினர். வெளுத்த நாக்கு, வீங்கிய கால், மேடு ஏறினால் மூச்சிரைப்பு ஆகியவை மலாயாவின் தோட்டப்புறங்களில் அன்றாடக் காட்சி. இந்த ரத்தசோகையில் எவ்வளவு மலேரியாவால் வந்தது, எவ்வளவு கொக்கிப்புழுவால் வந்தது என்பதே முதல் தலைமுறை ஆய்வாளர்களின் கேள்வியாக இருந்தது.

அதற்கு விடை தேடி ராக்பெல்லர் அறக்கட்டளை அனுப்பிய குழு, சாமுவேல் டார்லிங் தலைமையில் 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களில் பணியாற்றியது. தொழிலாளர்களுக்கு மருந்து கொடுத்து, வெளியேறிய புழுக்களை எண்ணி, அந்த எண்ணிக்கையை ரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவோடு ஒப்பிட்டார்கள். 1920இல் அறிக்கை வெளியானது. ஒருவருக்குப் புழு இருக்கிறதா என்பதைவிட, எத்தனை புழு இருக்கிறது என்பதே முக்கியம் என்ற பார்வை இத்தகைய ஆய்வுகளால்தான் வலுப்பெற்றது. தோட்ட மருத்துவ வரலாற்றில் இதை ஒரு பெரிய திருப்பமாகவே நான் கருதுகிறேன்.

காரணத்தை அருகில் சென்று பார்ப்போம். விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்பு முடிந்து, மலம் கலந்த ஈரமண்ணில் வெறுங்காலோடு மரத்துக்கு மரம் நடப்பவரின் தோலைத் துளைத்து இளம்புழு உள்ளே போகிறது. குடலில் தங்கி ரத்தம் குடிக்கிறது. நெக்கேட்டர் வகைக் கொக்கிப்புழு ஒன்றால் ஒரு நாளில் சுமார் 0.03 மில்லி ரத்தம் இழப்பாகும். 100 புழு என்றால் 3 மில்லி. அதில் சுமார் ஒன்றரை மில்லிகிராம் இரும்பு. ஒரு பகுதி குடலிலேயே திரும்ப உறிஞ்சப்பட்டாலும், நல்ல உணவு உண்பவர் உடல் ஒரு நாளில் சேர்ப்பதே ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். சோறும் ரசமும் கருவாடும் உண்டு, மேலே கடுந்தேநீர் குடித்தவருக்கு அந்த ஈடும் கிடைக்கவில்லை.

சிகிச்சையோ புழுவைத் துரத்துவதிலேயே நெடுங்காலம் நின்றது. தைமால், கீனோபோடியம் எண்ணெய், 1920களில் கார்பன் டெட்ராகுளோரைடு என மருந்துகள் மாறின. மருந்து குடித்தவர் அதே கக்கூஸ் இல்லாத லயத்துக்கே திரும்பினால் மறுபடியும் புழு ஏறும். இழந்த இரும்பை ஈடுசெய்யும் வழியோ முன்பே தெரிந்திருந்தது: பிரெஞ்சு மருத்துவர் பிளோ 1832லேயே இரும்பு மாத்திரையை வகுத்துவிட்டார்.

இரும்பின் பங்கை உழைப்போடு சேர்த்து நிறுவிய ஆய்வுகள் 1979இல் வந்தன. மேற்கு ஜாவா ரப்பர்த் தோட்டத்தில் ரத்தசோகை உள்ள பால்வெட்டுத் தொழிலாளர்கள் மற்றவர்களைவிடச் சுமார் 20 விழுக்காடு குறைவாகப் பால் எடுத்தனர். 60 நாள், தினம் 100 மில்லிகிராம் இரும்பு கொடுத்ததும் அவர்கள் தேறினர். அதே ஆண்டு வெளியான இலங்கைத் தேயிலைத் தோட்ட ஆய்வில், இரும்பு பெற்ற பெண்கள் கூடுதலாகக் கொழுந்து பறித்தனர். சோம்பேறி என்று ஏச்சு வாங்கிய உடல்களுக்கு உண்மையில் உயிர்க்காற்றைச் சுமக்கும் ரத்தம் போதவில்லை. இது அறிவியல் செய்தி மட்டுமன்று, அந்த மக்களுக்குத் தாமதமாகக் கிடைத்த நீதியும்கூட.

கொக்கிப்புழு இப்போது பெரிதும் ஒதுங்கிவிட்டது, ரத்தசோகை ஒதுங்கவில்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பத்தில் மூவருக்கு அது இருக்கிறது. இன்று மாதவிடாய்ப் போக்கும் கர்ப்பமும் முதல் காரணங்கள். கிளினிக்கில் தரும் 200 மில்லிகிராம் பெரஸ் ஃபியூமரேட் மாத்திரையில் சுமார் 65 மில்லிகிராம் இரும்பு உண்டு. ஒருவேளை மாத்திரைக்குப் பின் கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் அடுத்த வேளை இரும்பைத் தடுப்பதால், ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தால் இரும்பு நன்கு உறிஞ்சப்படுவதாகப் புதிய ஆய்வுகள் காட்டுகின்றன. ஹீமோகுளோபின் சீரான பிறகும் உடலின் இரும்புச் சேமிப்பு நிரம்ப மேலும் மூன்று மாதம் தொடர வேண்டும். நோயாளி ஆணாகவோ மாதவிடாய் நின்ற பெண்ணாகவோ இருந்தால், மாத்திரையோடு நிறுத்தாமல் வயிற்றிலோ குடலிலோ எங்கே ரத்தம் கசிகிறது என்று தேடியாக வேண்டும்.