கேரள நீரிழிவுத் தடுப்புச் சோதனை

கேரள நீரிழிவுத் தடுப்புச் சோதனை, பாறசாலை உள்ளிட்ட தமிழக எல்லையோர ஊர்கள் அடங்கிய நெய்யாற்றின்கரை வட்டத்தில் நடந்த கொத்துச் சமவாய்ப்புச் சோதனை ஆகும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களுடன் இணைந்து இதை நடத்தியது. 2013இல் பங்கேற்பாளர்கள் சேர்க்கப்பட்டனர்; முடிவுகள் 2018இல் ‘பிளாஸ் மெடிசின்’ இதழில் வெளிவந்தன.

கொத்துச் சோதனையில் தனிநபருக்குப் பதிலாக ஊரோ வார்டோ முழுமையாக ஒரு பிரிவுக்கு ஒதுக்கப்படுகிறது. ஒரே தெருவில் ஒரு வீட்டார் பயிற்சி பெற்று அடுத்த வீட்டார் பெறாவிட்டால், பேச்சுவாக்கில் செய்தி பரவி இரு பிரிவுகளின் வேறுபாடு மங்கிவிடும். ஆகவே இங்கு வாக்குச்சாவடிப் பகுதிகள் கொத்துகளாயின. மொத்தம் 60 பகுதிகள், பிரிவுக்கு 30.

30 முதல் 60 வயதுக்கு உட்பட்டோர், சென்னையில் உருவான இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண்ணால் சலிக்கப்பட்டனர். வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, குடும்ப வரலாறு ஆகியவை இதன் கூறுகள். 60 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் பெற்று, குளுக்கோஸ் பரிசோதனையில் நீரிழிவு இல்லை என உறுதியான 1,007 பேர் சேர்ந்தனர். ஒரு பிரிவினருக்கு ஓராண்டில் 15 குழுக் கூட்டங்கள் நடந்தன; பெரும்பாலானவற்றை உள்ளூரில் பயிற்சி பெற்ற சக தலைவர்களே நடத்தினர். மறு பிரிவினருக்குக் கையேடு தரப்பட்டது. பின்லாந்து, ஆஸ்திரேலியத் திட்டங்களிலிருந்து எடுத்த பாடத்திட்டம் கேரள உணவுக்கும் வாழ்க்கைக்கும் ஏற்ப முன்கூட்டியே மாற்றப்பட்டது.

ஒரே பகுதியினர் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால் மாதிரியின் வலிமை குறையும். கொத்தின் அளவிலிருந்து ஒன்றைக் கழித்து, அந்த ஒப்புமையை அளக்கும் உள்தொடர்புக் கெழுவால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால், அக்குறைவைக் காட்டும் வடிவமைப்பு விளைவு கிடைக்கும். கொத்துக்கு 17 பேர், கெழு 0.02 எனக் கொண்டால் விளைவு 1.32; அதாவது 1,007 பேரின் தகவல் ஏறத்தாழ 760 பேரின் தகவலுக்கே ஈடாகும். எனவே ஒரு பகுதியில் ஆள் கூட்டுவதைவிடப் பகுதிகளைக் கூட்டுவதே பெரிதும் பயன் தரும்.

24 மாதங்களில் கூட்டங்கள் நடந்த பிரிவில் 14.9 விழுக்காட்டினருக்கும் மற்றதில் 17.1 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது. ஒப்பீட்டு இடர் 0.88; அதன் 95 விழுக்காடு நம்பக இடைவெளி 0.66 முதல் 1.16 வரை. இவ்விடைவெளி 1ஐ உள்ளடக்குவதால் இவ்வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் கூட்டங்கள் நடந்த பிரிவில் இடர் மதிப்பெண் குறைந்தது, பழம், காய்கறி உண்பது கூடியது, மதுப்பழக்கம் தணிந்தது.

இத்தகைய சோதனையில், முதலில் கிடைத்த பலனைப் பார்த்து அடுத்த உதவியை மாற்றும் தகவமைச் சிகிச்சைமுறையைச் சோதிக்க வேண்டுமானால், இன்னொரு கட்டம் தேவை. முதற்கட்டத்தில் பலன் காணாத பகுதிகள் மீண்டும் சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்பட்டு, சிலவற்றில் கூட்டங்கள் தொடரும். சிலவற்றில் வீட்டுச் சந்திப்பு சேர்க்கப்படும். பலன் இல்லை என்று எதைக் கொண்டு, எந்த மாதத்தில் முடிவுசெய்வது என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். அவ்விதி இல்லாத மாற்றங்கள் ஊருக்கு நன்மை தந்தாலும், எது நன்மை தந்தது என்பதற்குச் சான்றாகா.