டயர் செய்த வேலை

சான் பிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டினால் மரின் கவுண்டி. அங்கே ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு மேலே, தீயணைப்பு வண்டிகளுக்காக வெட்டிய மண்பாதை ஒன்று இருக்கிறது. இரண்டு மைல் சொச்சத்துக்குள் 1,300 அடி இறக்கம். 1976 அக்டோபர் 21 அன்று சில இளைஞர்கள் நேரம் குறித்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக அதில் சைக்கிளை விட்டார்கள். விழாமல் கீழே வந்து சேர்ந்தவர் ஆலன் பாண்ட்ஸ் ஒருவர்தான், ஜெயித்தவரும் அவரே.

அவர்கள் ஓட்டியது 1930, 40களில் ஷ்வின் கம்பெனி செய்த எக்ஸெல்சியர் மாதிரி ஓட்டை வண்டிகள். ஒரு காலத்தில் பேப்பர் போடும் பையன்கள் மிதித்த ரகம். மட்கார்டு, ஸ்டாண்டு எல்லாம் கழற்றிய பிறகும் இருபது கிலோவை ஒட்டி இருக்கும். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற ஹப் பிரேக். ஒரே இறக்கத்தில் ஹப் கொதித்து, கிரீஸ் புகைந்து போய்விடும். பிரித்து, கழுவி, புது கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். நம்மூர்க் கடைகளில் ‘ஓவராயில்’ என்போமே, அதேதான். அந்தப் பாதைக்கு ‘ரீபேக்’ என்று பேர் வந்ததும் இதனால்தான். தாய்மாமா கடையில் மண்ணெண்ணெய் விட்டு பால்ரஸ் கழுவி வளர்ந்தவன் நான். மவுண்டன் பைக் சரித்திரம் கிரீஸ் டப்பாவில் தொடங்குகிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

‘அப்போதெல்லாம் பாவம், ஸ்பிரிங் ஃபோர்க் கிடையாது’ என்று இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அதிகம். எனக்கு அது ஒப்பவில்லை. ஷ்வின்னே 1930களின் கடைசியில் ஸ்பிரிங் வைத்த முன் ஃபோர்க் விற்றிருக்கிறது. ஆனால் மலையில் உண்மையாக உழைத்தது, அதே கம்பெனி 1933இல் கொண்டுவந்த பலூன் டயர். 2.125 அங்குலம் பருமன், உள்ளே காற்று குறைவு. கல்லை விழுங்கிக்கொண்டு உருளும். அதோடு, ஃபோர்க் நன்றாகச் சாய்ந்து, சக்கரங்களுக்கிடையே நீளமும் இருந்ததால் வண்டி குப்புறக் கவிழாது.

1977இல் ஜோ பிரீஸ் முதல் ‘பிரீஸர்’ வண்டியைக் கட்டியபோது அந்தப் பழைய ஷ்வின்னின் சாய்வைத்தான் வைத்துக்கொண்டார். 1979இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் டாம் ரிட்சி செய்த ஃபிரேம்களை வைத்துக் கடை தொடங்கினார்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் ஸ்டம்ப்ஜம்பர் ஜப்பானில் தயாராகி வந்தது. எல்லாமே ஸ்பிரிங் இல்லாத ரிஜிட் ஃபோர்க்தான்.

கோளாறு அதன் பிறகு வந்தது. பந்தயம் சூடுபிடிக்க, ஏற்றத்தில் சுறுசுறுப்பு வேண்டுமென்று ஃபோர்க்கை நிமிர்த்தினார்கள், வண்டியைக் குறுக்கினார்கள், டயரை மெலிய வைத்தார்கள். அடி நேராகக் கைக்கு வந்தது. மோட்டார் சைக்கிள் பக்கத்திலிருந்து வந்த பால் டர்னர் ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்கைச் செய்தார். இரண்டே அங்குலம் அமுங்கும். 1990இல் கொலராடோவின் டுராங்கோவில் நடந்த உலகப் போட்டியில் கிரெக் ஹெர்போல்டு அதை மாட்டிக்கொண்டு இறக்கப் பந்தயத்தை ஜெயித்தார். அதோடு ரிஜிட் ஃபோர்க் மலிவு வண்டிக்கு என்றாகிவிட்டது. என் கணக்கில், டயரிடமிருந்து பிடுங்கிய வேலையைத்தான் ஸ்பிரிங்கிடம் கொடுத்தார்கள்.

1999இல் 29 அங்குலச் சக்கரத்துக்குத் தடித்த டயர் வந்தது. 2002இல் சர்லி கம்பெனி ‘கராத்தே மங்கி’ என்ற இரும்பு ஃபிரேமை ரிஜிட் ஃபோர்க்கோடு விற்றது. நான் இப்போது ஓட்டுவதும் அந்த ஜாதி வண்டிதான். சீட்டிலிருந்து எழுந்து, பெடல் இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்து, முழங்கையை மடக்கித் தளர விடவேண்டும். கல் ஹேண்டில்பாரைத் தூக்கினால் கை தானாக மேலே வரும். இறுக்கிப் பிடித்தால் போச்சு, அதிர்ச்சி தோள்வரை ஏறும். கண் முன்சக்கரத்தில் இருக்கக்கூடாது. இரண்டு வண்டி நீளம் தள்ளி, எந்தக் கல்லுக்கு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டே வரவேண்டும்.

ஸ்பிரிங் இல்லாத அந்தக் காலத்தில் ரீபேக் பாதையில் ஃபிஷரின் நேரம் 4 நிமிடம் 22 வினாடி. சராசரியாக மணிக்கு 29 மைல். இன்று அங்கே சைக்கிளுக்கு 15 மைல்தான் வரம்பு. ஸ்பிரிங் வைத்தவனுக்கும் அதே 15.